கொரோனாவும் காசநோயும்: யாயிர் வீட்டுக்குப் போகும் வழியில்



2020-ஆம் ஆண்டு மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். மறுநாள் மங்கள வார்த்தைத் திருநாள். மக்கள் இல்லாத ஆலயத்தில் தனியாகத் திருப்பலி நிறைவேற்றிய அந்தக் காலையை எந்தக் குருவும் மறந்திருக்க முடியாது.

ஆனால் அந்த மார்ச் 24-க்கு இன்னொரு பெயரும் உண்டு. அது உலகக் காசநோய் நாள். 1882-ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஜெர்மனியின் பெர்லின் நகரில் இராபர்ட் கோக் என்ற அறிவியலாளர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக உலகுக்கு அறிவித்தார். அதன் நினைவாக ஆண்டுதோறும் இந்நாளில் காசநோயைப் பற்றிப் பேசுகிறோம். 2020-இல் அந்த நாள் வந்தபோது யாருக்கும் அது நினைவில் இல்லை. எனக்கும் இல்லை. உலகத்தின் கண்கள் எல்லாம் புதிய நோயின் மீது பதிந்திருந்தன.

இன்று கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அதை முறைப்படி அறிவித்தது. முகக்கவசங்களைக் கழற்றிவிட்டோம். ஆனால் அந்த நாள்களில் நாம் மறந்துபோன பழைய நோய் நம்மை மறக்கவில்லை. உலகில் ஒரே ஒரு கிருமியால் அதிகமானோரைக் கொல்லும் நோய் என்ற இடத்தைக் கொரோனாவிடமிருந்து 2023-இல் காசநோய் மீண்டும் பிடித்துக்கொண்டது. இதைப் பற்றிச் சற்று ஆழமாகச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

ஒரே வழியில் இரு நோயாளிகள்

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி நமக்கெல்லாம் பழக்கமானது. தொழுகைக்கூடத் தலைவர்களுள் ஒருவரான யாயிர் இயேசுவின் காலில் விழுகிறார். அவருடைய மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். இயேசு உடனே புறப்படுகிறார். பெருங்கூட்டம் அவரை நெருக்கிக்கொண்டு பின்னே செல்கிறது. எல்லாருக்கும் அவசரம். ஒரு நொடி தாமதித்தாலும் ஓர் உயிர் போய்விடும்.

அந்த வழியில்தான் இன்னொரு நோயாளி இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண். மருத்துவர் பலரிடம் சென்று, தமக்கு உள்ளதையெல்லாம் செலவழித்தும் குணம் பெறாதவர். அவருக்காகப் பரிந்து பேச யாரும் வரவில்லை. இயேசுவின் முன்னே வந்து நிற்கவும் அவருக்குத் துணிவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, பின்னாலிருந்து, யாருக்கும் தெரியாமல் அவருடைய ஆடையைத் தொடுகிறார்.

இயேசு நின்றார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். சீடர்களுக்கு அது பொருத்தமற்ற கேள்வியாகப் பட்டது. யாயிரின் மனம் எப்படிப் பதைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே மகள் செத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே போதகர் நின்றுகொண்டிருக்கிறார்! ஆனாலும் இயேசு நின்றார். அப்பெண் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு யாயிரின் வீட்டுக்கும் போனார். அந்தச் சிறுமியும் எழுந்தாள்.

அவசர நோயாளிக்கும் நீண்டநாள் நோயாளிக்கும் ஒரே வழியில் இடமிருந்தது என்பதே இந்நிகழ்ச்சியில் நான் கற்றுக்கொண்ட பாடம். 2020-இல் நாம் எல்லாரும் யாயிரின் வீட்டை நோக்கி ஓடினோம். ஓட வேண்டியதுதான். ஆனால் வழியில் நிற்க மறந்தோம். அதன் விலையைக் காசநோயாளிகள் கொடுத்தார்கள்.

எண்ணிக்கை குறைந்தது, நோய் குறையவில்லை

இந்தியாவில் காசநோய் என்று கண்டறியப்படும் ஒவ்வொருவரையும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் உள்ள விதி. தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். இந்தக் கணக்கின்படி 2019-இல் ஏறக்குறைய 24 லட்சம் பேருக்குக் காசநோய் இருப்பது பதிவாயிற்று. 2020-இல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நான்கில் ஒரு பங்கு குறைவு. உலக அளவிலும் இதே நிலைதான். 2019-இல் 71 லட்சமாக இருந்த புதிய பதிவுகள் 2020-இல் 58 லட்சமாயின. உலகம் முழுவதும் ஏற்பட்ட இந்தச் சரிவில் 41 விழுக்காடு இந்தியாவில் மட்டும் நிகழ்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியது.

காசநோய் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இலட்சக்கணக்கானோர் நோயோடு வீட்டுக்குள் இருந்தார்கள், நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏன் இப்படி ஆயிற்று?

முதலாவது, பேருந்து ஓடவில்லை. கிராமத்திலிருந்து தாலுகா மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்ய வழியில்லை. இரண்டாவது, வீடு வீடாகப் போய்க் காசநோயாளிகளைப் பார்த்துவந்த களப்பணியாளர்கள் கொரோனா பணிக்கு மாற்றப்பட்டார்கள். மூன்றாவது, காசநோயை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் போன்ற கருவிகள் கொரோனா பரிசோதனைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டன. நான்காவது, நெஞ்சக நோய்ப் பிரிவுகளின் படுக்கைகள் பல இடங்களில் கொரோனா படுக்கைகளாயின. ஐந்தாவது, அச்சம். இருமல், காய்ச்சல் என்று சொன்னால் தனிமைப்படுத்தி விடுவார்கள், வீட்டு வாசலில் தகரம் அடித்து விடுவார்கள் என்று பயந்து மக்கள் இருமலை மறைத்தார்கள்.

இதற்காக மருத்துவர்களையும் செவிலியரையும் குறைசொல்வது நியாயமாகாது. அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் உயிரையே கொடுத்தார்கள். இரண்டு நோய்க்கும் சேர்த்து இருந்தவை அதே கைகள்தாம். ஒரு பக்கம் இழுத்தபோது மறுபக்கம் வெறுமையாயிற்று. இருமலோடு வருபவருக்கு இரண்டு நோய்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று நடுவண் அரசு 2020 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தியது. ஆனால் காகிதத்தில் எழுதியது எல்லா ஊர்களையும் எட்டிவிடவில்லை.

எங்கள் பங்கில் நடந்தது

இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளம் தெரியாத வகையில் எழுதுகிறேன்.

எங்கள் பங்கில் ஒரு கொத்தனார் இருந்தார். ஊரடங்கினால் வேலை இல்லை. 2020 ஜூன் மாதம் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு நானும் அரிசிப் பைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பையை வைத்தோம். உள்ளேயிருந்து அவர் இருமுவது கேட்டது. "டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். "எடுத்தாச்சு சாமி, கொரோனா இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார் அவருடைய மனைவி. "கடவுளுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்படியானால் இந்த இருமல் எதனால் என்று நான் கேட்கவில்லை. எத்தனை நாளாக இருமுகிறார் என்று கேட்கவில்லை. செப்டம்பரில் ஆலயம் திறந்த பிறகும் அவர் திருப்பலிக்கு வரவில்லை. கோயிலில் இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தயங்கியதாகப் பின்னர் அறிந்தேன். 2021 ஜனவரியில் நடக்க முடியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவருடைய எடை 38 கிலோ. சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் இறந்துபோனார். அவருக்கு நோயில்பூசுதல் கொடுத்தேன். அவர் கையைப் பிடித்தபோது அதில் எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "எலும்புருக்கி" என்று நம் முன்னோர் இந்நோய்க்குப் பெயரிட்டது ஏன் என்று அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பிறகு குடும்பத்தாரைச் சோதித்தார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் நோய் இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு அவள் நலமடைந்தாள். ஜூன் மாதத்தில் நான் வாசலில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் நிற்கவில்லை என்பது தெரியும்.

அடைத்த அறையும் அரை வயிறும்

காசநோய் காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் கிருமி, காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் தங்குகிறது. ஊரடங்கு கொரோனா ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போவதைத் தடுத்தது. அதே ஊரடங்கு, கண்டறியப்படாத காசநோயாளியையும் அவருடைய குழந்தைகளையும் ஒரே அறைக்குள் பல மாதம் பூட்டி வைத்தது. கொரோனா சில நாள்களில் வெளிப்பட்டுவிடும். காசநோய்க் கிருமியோ உடலுக்குள் புகுந்து மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உறங்கும். உடல் தளர்ந்ததும் விழித்துக்கொள்ளும். ஆகவே 2020-இல் மூடிய அறையில் பெற்ற கிருமி அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படலாம்.

உடல் ஏன் தளர்கிறது? நீரிழிவு, புகை, மது, எச்.ஐ.வி. ஆகியவை எல்லாம் காரணங்கள். ஆனால் நம் நாட்டில் முதன்மையான காரணம் பசி. அன்றாடக் கூலி நின்றபோது, முதலில் நின்றது பாலும் முட்டையும் பருப்பும்தான். ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பியது, உடலுக்கு வலு சேர்க்கவில்லை.

விளைவு என்ன? உலகில் காசநோய் இறப்புகள் பல ஆண்டுகளாகக் குறைந்துவந்தன. 2020-இல் அவை மீண்டும் உயர்ந்தன. 2020 முதல் 2022 வரையிலான மூன்று ஆண்டுகளில், பெருந்தொற்றால் காசநோய்ச் சேவைகள் தடைப்பட்டதன் விளைவாக மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்கள் கொரோனாவால் இறந்தவர்களின் பட்டியலில் இல்லை. அன்றாடம் மாலையில் தொலைக்காட்சி சொன்ன எண்ணிக்கையிலும் இல்லை. நம்முடைய கொத்தனாரும் அவர்களில் ஒருவர்.

பின்னர் நிலைமை தேறியது என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். இந்தியாவில் 2021-இல் 21 லட்சமாகவும், 2022-இல் 24 லட்சமாகவும், 2023-இல் 25 லட்சத்துக்கு மேலாகவும், 2024-இல் 26 லட்சமாகவும் பதிவுகள் உயர்ந்தன. இங்கே எண்ணிக்கை உயர்வது நல்ல செய்தி. மறைந்திருந்தவர்கள் கண்டறியப்படுகிறார்கள். ஆயினும் 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் நாடு எடுத்த உறுதி நிறைவேறாமலே அந்த ஆண்டு கடந்துபோயிற்று. 2015-இல் இலட்சம் பேருக்கு 237 என்றிருந்த புதிய நோயாளிகள், 2024-இல் 187 ஆகக் குறைந்திருக்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனால் போக வேண்டிய தொலைவு பெரிது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர்.

சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி

காசநோயை வெல்லும் வரலாற்றில் நம் தமிழகத்துக்குச் சிறப்பிடம் உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானட்டோரியத்துக்குத்தான் போக வேண்டும். தாம்பரத்தில் 1928-இல் தொடங்கப்பட்ட சானட்டோரியம் அந்த ரயில் நிலையத்துக்கே பெயராயிற்று. நோயாளி வீட்டைவிட்டுப் பிரிந்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அங்கே கிடப்பார். ஆனால் நோயாளிகள் இலட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் நிறுவப்பட்டது. அங்கே நடந்த ஆய்வில் நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானட்டோரியத்திலும், மறுபகுதியினர் தங்கள் ஏழைக் குடிசைகளிலும் ஒரே மருந்தைப் பெற்றனர். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் இல்லை, ஓய்வும் இல்லை, இடவசதியும் இல்லை. ஆயினும் ஓராண்டில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்னது நம் சென்னை.

ஆனால் வீட்டுச் சிகிச்சை வெற்றிபெற ஒரு நிபந்தனை உண்டு. மாத்திரை தடையின்றி வர வேண்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒருவர் வர வேண்டும். பெருந்தொற்றின்போது வீடு இருந்தது, நோயாளி இருந்தார், வரவேண்டிய ஆள்தான் வரவில்லை. இடையில் மாத்திரையை நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். பிறகு அதைக் கட்டுப்படுத்தக் கடுமையான, விலையுயர்ந்த மருந்துகள் வேண்டும்.

பெருந்தொற்றுக்குப் பின் தமிழக அரசு 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நேர்கின்றன. எனவே நோய் கண்டறிந்த உடனே சில எளிய சோதனைகள் செய்கிறார்கள். எடையும் உயரமும் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். விரலில் மாட்டும் சிறு கருவியால் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்கள். அந்தக் கருவியைக் கொரோனா காலத்தில் நம் வீடுகளிலேயே வாங்கி வைத்தோம், நினைவிருக்கிறதா? நிலைமை மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். 38 கிலோ எடையோடு வந்த எங்கள் கொத்தனாரைப் போன்றவர்களுக்காகவே வந்த திட்டம் இது. அவருக்குப் பிறகு ஓராண்டு கழித்து வந்தது.

உண்ணக் கொடுக்கச் சொன்ன இயேசு

யாயிர் வீட்டு நிகழ்ச்சியின் முடிவை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சிறுமி எழுந்து நடந்ததும் எல்லாரும் மலைத்துப்போய் நிற்கிறார்கள். இயேசு மட்டும் ஒன்றை நினைக்கிறார். அவளுக்கு உணவு கொடுக்கச் சொல்கிறார். புதுமை நடந்த வீட்டில் சோற்றை நினைத்தவர் அவர் ஒருவரே!

உணவின் ஆற்றலை அறிவியலும் இன்று உறுதிசெய்திருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், பெருந்தொற்று நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகள் 2,800 பேருக்கு மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினரில் ஒரு பகுதியினருக்கும் உணவு கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். 2023-இல் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகை நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒன்றரை கிலோ பருப்பு ஒருவகையில் தடுப்பூசியின் வேலையைச் செய்திருக்கிறது!

மருந்து இருந்தால் ஏழைக் குடிசையிலும் குணமாகலாம் என்று சென்னை ஆய்வு காட்டியதை, உணவு முக்கியமில்லை என்று உலகம் பல ஆண்டுகள் தவறாகப் புரிந்துகொண்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று அந்தத் தவறு திருத்தப்பட்டு வருகிறது. காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்த நடுவண் அரசு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. நோயாளிகளுக்கு உணவுப் பொட்டலம் வழங்க விரும்பும் தனியாரும் அமைப்புகளும் 'நிக்சய் மித்ரா' என்ற பெயரில் பதிவு செய்துகொள்ளும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

தடுப்பூசி சொல்லும் கதை

ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். கொரோனா 2019-இன் இறுதியில் வெளிப்பட்டது. ஓராண்டுக்குள் தடுப்பூசிகள் வந்துவிட்டன. காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம்மிடம் இருக்கும் ஒரே தடுப்பூசி, 1921-இல் முதன்முதலாகப் போடப்பட்ட பிசிஜி. அது குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்க அது உதவவில்லை என்பதை, செங்கல்பட்டுப் பகுதியில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது. புதிய தடுப்பூசி ஒன்றின் இறுதிக்கட்ட ஆய்வு 2024-இல்தான் தொடங்கியிருக்கிறது.

கொரோனா, பணக்கார நாடுகளின் கதவையும் தட்டியது. ஆகவே பணமும் அறிவும் ஒன்றுசேர்ந்தன. காசநோய் தட்டுவதெல்லாம் சேரியின் கதவை, சுரங்கத் தொழிலாளியின் கதவை, சிறைச்சாலையின் கதவை. மனம் வைத்தால் உலகத்தால் முடியும் என்பதைக் கொரோனா நிரூபித்துவிட்டது. இனி, முடியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏழையின் உயிருக்கும் பணக்காரனின் உயிருக்கும் கடவுள் முன் ஒரே விலை என்று நம்பும் நாம், இந்த வேறுபாட்டைக் கண்டு அமைதியாக இருக்கலாமா?

மகளே என்றழைத்த குரல்

பின்னாலிருந்து ஒளிந்து தொட்ட பெண்ணை இயேசு "மகளே" என்று அழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் தொடாத ஒருத்திக்கு எல்லார் முன்பாகவும் உறவுமுறை கொடுத்தார்.

கொரோனா வந்த வீட்டை நாம் எப்படிப் பார்த்தோம் என்பது நமக்கு நினைவிருக்கும். தெருவில் யாரும் பேசவில்லை, கடையில் பொருள் கொடுக்கவில்லை. அந்த ஒதுக்குதலைப் பலரும் சில வாரங்கள் அனுபவித்தோம். காசநோயாளி அதை ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று மறைக்கும் தாய், தட்டைத் தனியாக வைக்கும் மாமியார், வேலை போய்விடும் என்று மாத்திரையை ஒளித்துச் சாப்பிடும் இளைஞர், இவர்கள் எல்லாம் நம் பங்குகளில் இருக்கிறார்கள். தட்டாலும் துணியாலும் காசநோய் பரவுவதில்லை. முறையாக மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலானோர் பிறருக்குப் பரப்பும் நிலையிலிருந்து மீண்டுவிடுகிறார்கள்.

நம் பீடங்களில் இருக்கும் புனிதர்களை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 1896-இல் பெரிய வியாழன் இரவு முதன்முதலாக இரத்தம் கக்கினார். மறு ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் 24 வயதில் காசநோயால் இறந்தார். லூர்து அன்னையைக் கண்ட பெர்னதெத், சிறுமியாக இருந்தபோது 1855-இல் அவ்வூரில் பரவிய காலராவுக்கு ஆளாகிப் பிழைத்தவர். வாழ்நாள் முழுவதும் அவருக்கு மூச்சுத்திணறல் இருந்தது. வறுமையால் அவர் குடும்பம் முழுவதும் பழைய சிறைச்சாலையின் ஈரமான ஓர் அறையில் வாழ்ந்தது. கடைசியில் 1879-இல் 35 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. கொள்ளைநோய், ஒற்றை அறை, பசி, காசநோய்: நாம் இதுவரை பேசியதெல்லாம் அந்தச் சிறுமியின் வாழ்வில் இருக்கிறது. அன்னை மரியா காட்சி தரத் தேர்ந்துகொண்டது அந்த வீட்டுப் பிள்ளையைத்தான். காசநோயாளியைக் கண்டு விலகுகிறவர், பெர்னதெத்தைக் கண்டும் விலகியிருப்பார்.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

அன்பியக் கூட்டங்களில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவோம்: உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேலாக இருமல் இருக்கிறதா? மாலைநேரக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் உண்டா? இருந்தால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவோம். போகச் சொல்வதோடு நின்றுவிடாமல், உடன் போவோம். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

பங்கில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாதம் அவருக்குப் பொறுப்பேற்போம். வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, இளையோர் இயக்கம் ஆகியவை ஆளுக்கொரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அரிசியோடு பருப்பு, முட்டை, நிலக்கடலை, எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நோயாளிக்கு மட்டுமன்றி அவருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அவருடைய பெயரை ஆலயத்தில் அறிவிக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதனை செய்துகொண்டார்களா, தேவையானவர்கள் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

ஆலயங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் சன்னல்களைத் திறந்து வைப்போம். இருமும்போது வாயை மூடுவதும், தேவைப்பட்டால் முகக்கவசம் அணிவதும் கொரோனா கற்றுத்தந்த நல்ல பழக்கங்கள். அவற்றைக் கைவிட வேண்டாம். பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று கொண்டாடும் உலக நோயாளர் நாளில் காசநோயாளிகளுக்காகவும் மன்றாடுவோம்.

இன்னொரு பெருந்தொற்று வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது வரும்போது மீண்டும் நாம் எல்லாரும் யாயிர் வீட்டை நோக்கி ஓடுவோம். அன்று நம் பங்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார், யாருக்கு மருந்து வாங்கிவர ஆள் இல்லை என்ற பட்டியல் பங்குப்பேரவையின் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: அடுத்த அவசரத்தில் காசநோய்ப் பணியாளர்களையும் கருவிகளையும் முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள்.

அந்தக் கொத்தனாரின் வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் வாசலில் இப்போது சிறிது நேரம் நிற்கிறேன். அவருடைய மனைவி, "வாங்க சாமி" என்று உள்ளே அழைப்பார். அன்று நிற்காததற்கு அது ஈடாகாது என்பதை அறிவேன்.

யாயிரின் வீட்டுக்குப் போகும் வழியில் நின்ற ஆண்டவரே, எங்கள் அவசரங்களுக்கு நடுவே, பின்னாலிருந்து உம் ஆடையைத் தொடுகிறவர்களின் கையை நாங்களும் உணரச் செய்தருளும். நின்று கேட்கும் பொறுமையையும், உண்ணக் கொடுக்கும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.